அக்காவென்று கூப்பிடும் குயில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு பறவை கூவ ஆரம்பிக்கும். மூன்று அசைதான். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கொஞ்சம் உயரத்தில் ஏறி, ஐந்தாறு முறைக்குப் பிறகு தொண்டை கிழிந்துவிடும் போன்ற உச்சத்தில் சட்டென்று நின்றுவிடும். சிறிது நேரம் அமைதி. மறுபடியும் அடியிலிருந்து தொடங்கும். பகலெல்லாம் கூவியது போதாதென்று நிலா வெளிச்சத்திலும் விடாது. ஆளைக் கண்ணால் பார்ப்பது அரிது. பார்த்தாலும் சாம்பல் முதுகும் வரிபோட்ட வயிறும் வாலுமாக இருப்பதால் வல்லூறு என்றே நினைத்துவிடுவோம். கோவைக்கு மேற்கே என் அம்மாயி ஊரில் அதற்கு அக்காக்குருவி என்று பெயர். தமிழ்ப் பறவை நூல்கள் அக்காக்குயில் என்கின்றன. அது தமக்கையைக் கூப்பிடுகிறது என்று கேட்ட யாரோ ஒருவரின் காது வைத்த பெயர்.

இந்தப் பறவை அறிவியலின் ஏட்டில் ஏறியது 1797இல். ஏற்றியவர் கோபன்ஹேகனில் இருந்த மார்ட்டின் வால், லின்னேயஸிடம் பயின்ற தாவரவியலாளர். பறவை அவருக்குக் கிடைத்த இடமாகப் பதிவாகியிருப்பது நம்முடைய தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்த ஊர் அது. அங்கிருந்து செடிகள், சிப்பிகள், பூச்சிகள், பறவைத் தோல்கள் எல்லாம் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். வால் அதற்கு வைத்த பெயர் 'வாரியஸ்'. பல வண்ணமானது, வரியும் புள்ளியும் கலந்தது என்று பொருள். கையில் கிடைத்த உடலைப் பார்த்து வைக்கும் பெயர் அப்படித்தான் இருக்க முடியும். தரங்கம்பாடியிலிருந்து இறகு போய்ச் சேர்ந்தது. குரல் போகவில்லை.

குயில் குடும்பத்தின் லத்தீன் பெயர்களில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. நாம் வெறுமே குயில் என்று அழைக்கும் பறவைக்கு 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர், உள்ளான் போன்றது என்று பொருள்படுவது. பெட்டையின் புள்ளிகள் அவருக்கு உள்ளானை நினைவூட்டியிருக்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து போன சுடலைக்குயிலுக்கு 1783இல் 'ஜேக்கபைனஸ்' என்று பெயரானது. பாரிஸின் ஜாக்கொபேன் துறவிகள் அணிந்த கறுப்பு வெள்ளை அங்கியின் சாயல் அதன் உடம்பில் தெரிந்ததே காரணம். மூன்று பறவைகளும் ஊரைக் கூட்டும் அளவுக்குக் கூவுபவை. அன்று மூன்றுக்கும் வைத்த அந்தப் பெயர்களில் கூவல் இல்லை.

மொன்றியலில் வாழும் தமிழர்களுக்கு இந்தக் கதையில் நேரடியான பங்கு ஒன்று உண்டு. மக்கில் பல்கலைக்கழகத்தின் பிளாக்கர்-வுட் தொகுப்பில், 200 ஆண்டுகளுக்கு முந்திய சென்னைப் பறவைகள் 121 ஓவியங்களாக இருக்கின்றன. வரைந்தவர் எலிசபெத் குவில்லிம். சென்னை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக வந்த ஹென்றி குவில்லிமின் மனைவி. 1801இல் சென்னைக்கு வந்தவர், 1807இல் அங்கேயே இறந்தார். அமெரிக்கப் பறவைகளை வரைந்து உலகப் புகழ் பெற்ற ஆடுபானுக்கு முன்பே, பெரிய தாள்களில், உயிருள்ள பறவைகளை எதிரே வைத்து அவர் வரைந்தார் என்பது பறவையியலாளர்கள் வியந்து சொல்வது. அவர் இறந்த பிறகு ஓவியங்கள் நூறாண்டுக்கு மேல் வெளியுலகின் கவனத்துக்கு வரவே இல்லை. 1924இல் கேசி வுட் என்ற கனடியக் கண் மருத்துவர், மக்கிலின் விலங்கியல் நூலகத்துக்காக நூல்கள் தேடிக்கொண்டிருந்தபோது லண்டனில் அவற்றைக் கண்டு வாங்கினார். நான் முதுகலைப் படிப்புக்காகக் கடல் கடந்து வந்து, பிறகு இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் இது தெரிய வந்தது. மைலாப்பூர்ப் பக்கத்துப் பறவைகள் நம்மில் யாருக்கும் முன்பே மொன்றியலுக்குக் குடிவந்துவிட்டன.

அந்த ஓவியங்களின் நகல்களைப் பார்க்கும்போது கால் செதில்கூடத் தெரிகிறது. இறகின் ஓரத்து மினுமினுப்பு தெரிகிறது. ஓவியத்துக்கும் வாய் கிடையாது என்பது மட்டும் மாறவில்லை. பறவையின் ஒலியைப் பிடித்து வைக்க அந்தக் காலத்தில் கருவி ஏது? லுட்விக் கோக் என்ற ஜெர்மானியச் சிறுவன் எடிசன் கருவியில் ஒரு பறவையின் பாட்டைப் பதிந்தது 1889இல். இன்று நம்மிடம் இருக்கும் பறவைப் பதிவுகளில் அதுவே பழையது என்கிறார்கள். அந்தப் பறவையும் நம் பக்கத்துச் சோலைபாடிதான், கூண்டில் இருந்தது. அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒரு பறவையின் குரலைச் சேமித்துத் தலைமுறை தாண்டிக் கொடுக்க மனிதனிடம் இருந்த கருவி பெயர் மட்டுமே. அக்கா என்று சொல்லிப் பாருங்கள். ஏறுகிற குரலில், இடைவெளி விடாமல், மூன்று நான்கு தரம். ஒலிப்பதிவு தானாக ஓடும்.

ஆனால் அந்தப் பதிவில் பறவையின் குரலோடு கேட்டவரின் குரலும் சேர்ந்தே பதிவாகிறது. இதே பறவை மராட்டியத்தில் 'பேர்தே வ்ஹா' என்கிறது. விதையுங்கள் என்று பொருள். மழைக்கு முன்னால் கூவுவதால் அங்கே அதற்குப் பாவ்ஷா, மழைக்காரன் என்று பெயர். வங்காளத்தில் 'சோக் கேலோ', என் கண் போயிற்றே என்கிறது. இந்தியில் 'பீ கஹான்', காதலன் எங்கே என்று கேட்கிறது. வெயிலில் தூக்கம் பிடிக்காமல் பங்களாவில் புரண்ட ஆங்கிலேயனுக்கு அது 'பிரெய்ன் ஃபீவர்' என்று கேட்டது. மூளைக் காய்ச்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவல்களில் பாதிப் பேர் படுத்துக்கிடந்த நோய் அது. இன்று எந்த மருத்துவரும் எழுதாத அந்த நோயின் பெயர், ஆங்கிலத்தில் இந்தப் பறவையின் மேல்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு உறவான இன்னொரு குயில் நான்கு அசையில் கூவும். மலையாளிகளுக்கு விஷுப் பறவை. 'அச்சன் கொம்பத்து, அம்ம வரம்பத்து' என்று அதற்குச் சொல் கொடுத்திருக்கிறார்கள். அப்பன் கிளையில், அம்மா வரப்பில். வேறு சிலருக்கு 'சக்கைக்கு உப்புண்டோ' என்று பலாவுக்கு உப்பு கேட்கிறது. வங்காளியிடம் 'பௌ கொதா கௌ', மனைவியே பேசு என்று கெஞ்சுகிறது. குமாவுன் மலைகளில் 'காஃபல் பக்கோ', காட்டுப்பழம் பழுத்துவிட்டது என்று அறிவிக்கிறது. ஆங்கிலப் புத்தகங்களில் அதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'ஒன் மோர் பாட்டில்'. மற்றது 'ஆரஞ்சு பெக்கோ', தேயிலையின் தரப் பெயர். தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்களின் காதில் அது என்னவாகக் கேட்டதோ, அந்தப் புத்தகங்களில் இல்லை.

ஒலி ஒன்று, சொல் பல என்று இதை வேடிக்கையாகச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அக்கா என்ற சொல் கன்னடத்திலும் தெலுங்கிலும் உண்டு. சிங்களத்தில் உண்டு. மராட்டியத்திலும் புழங்குகிறது. ஆனாலும் மானாவாரி நிலத்தை உழுதுவைத்து வானத்தைப் பார்த்து நிற்கும் மராட்டிய விவசாயிக்கு அதே பறவை விதைக்கச் சொல்கிறது. சொல் கையிருப்பில் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்கும் தேவையும் வேண்டும். தமிழ் வீட்டில் அம்மா காட்டுக்கோ களத்துக்கோ போனபின் இடுப்பில் குழந்தையைச் சுமந்தது அக்கா. சோறு ஊட்டியது, தலை வாரியது, அடியிலிருந்து தப்பவைத்தது, பிறகு ஒரு நாள் கல்யாணமாகி வேற்றூருக்குப் போய்விட்டது எல்லாம் அக்கா. வீட்டில் நாள் முழுக்கக் கூப்பிடப்பட்ட சொல் அது. மரத்திலிருந்தும் அதுவே கேட்டதில் வியப்பில்லை.

அந்தக் குயில் கூடு கட்டுவதில்லை. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். கூட்டமாகவே திரியும் தவிட்டுக்குருவிகளை இந்தியில் ஏழு அண்ணன் தம்பிகள் என்பார்கள், ஆங்கிலத்தில் ஏழு சகோதரிகள். ஏழு சகோதரிகள் வளர்த்த பிள்ளை வளர்ந்ததும் அக்கா என்று கூப்பிடுகிறது என்று சொன்னால் கதை அழகாகத்தான் இருக்கும். அந்நியர் கூட்டில் வளர்ந்தும் தன் மொழியை மறக்காத பறவை என்று அதைப் புலம்பெயர்ந்தவர்களுக்கு உவமையாக்கவும் கை துடிக்கும். மேடைகளில் இப்படிப்பட்ட உவமைகளுக்குக் கைதட்டு கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் உயிரியல்.

தவிட்டுக்குருவியின் கூட்டில் வளரும் அக்காக்குயில், தன் இனத்தின் குரலை யாரிடமும் கற்பதில்லை. அது பிறவியிலேயே உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கூட்டில் வளர்ந்தாலும் கூவ வேண்டிய வயதில் அதே மூன்று அசை வரும். சிட்டு போன்ற பாட்டுப் பறவைகளின் கதை வேறு. அவை குஞ்சாக இருக்கும்போது மூத்த ஆண்கள் பாடுவதைக் கேட்டுக் கற்கின்றன. கேட்பது மாறினால் பாட்டும் மாறும்.

இதற்கு கனடாவிலேயே சான்று இருக்கிறது. வெண்தொண்டைச் சிட்டு என்று சொல்லத்தக்க ஒரு பறவை கோடையில் கியூபெக் காடுகளில் பாடும். பாட்டின் முடிவில் மூன்று மூன்று சுரமாக ஒரு துடிப்பு வரும். ஆங்கிலக் கனடியர் அதை 'கனடா, கனடா, கனடா' என்று கேட்டார்கள். கியூபெக் பிரெஞ்சுக்காரர் அதே துடிப்பை 'ஃப்ரெடெரிக், ஃப்ரெடெரிக்' என்று கேட்டு, பறவைக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். இந்த மாகாணத்தின் அரசியல் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். 2020இல் வெளியான ஓர் ஆய்வு அந்தச் சிட்டு பாட்டை மாற்றிக்கொண்டிருப்பதைக் காட்டியது. பிரிட்டிஷ் கொலம்பியாப் பக்கம் தொடங்கிய இரண்டு சுர முடிவு, சில பத்தாண்டுகளுக்குள் கிழக்கே ஒன்ராறியோ வரை பரவி, பழைய மூன்று சுர முடிவை அகற்றிவிட்டது. இளம் பறவைகள் புதிய பாட்டைக் கேட்டன, அதையே பாடின. அவ்வளவுதான்.

தமிழ் நம் இரத்தத்தில் இருக்கிறது என்று நம் விழாக்களில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இரத்தத்தில் இருப்பது குயிலின் குரல். மொழி சிட்டின் பாட்டு. கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. அக்கா என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வீடுகள் பலவற்றில் தம்பி தமக்கையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். யாரும் தடை போட்டதில்லை, யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை. பள்ளியில் கேட்பது அப்படி, அதனால் வருவது அப்படி. 1977இல் வந்த மொழிச் சட்டத்துக்குப் பிறகு குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கே போகிறார்கள். நம் பிள்ளைகள் மூன்று மொழியில் கெட்டிக்காரர்களாக வளர்கிறார்கள். வீட்டில் தம்பி அக்கா என்று கூப்பிடாவிட்டால், குயில் ஏன் அப்படிக் கூவுகிறது என்பதைப் பிறகு எந்த அகராதியாலும் விளங்கவைக்க முடியாது.

பெயர்கள் தொலைவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அது என் தொழிலுக்கு நெருக்கமானது. நிறுவனங்களின் பழைய தரவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. அப்படி மாற்றும்போது எண்ணும் தேதியும் குறியீடும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். முதலில் கைவிடப்படுவது 'குறிப்பு' என்ற பத்தி. ஊழியர்கள் தோன்றியபடி எழுதிவைத்தது, ஒழுங்கில் அடங்காதது. இரண்டாண்டு கழித்து ஏதாவது சிக்கல் வரும்போது விடை அந்தப் பத்தியில்தான் இருந்திருக்கும். வட்டாரப் பெயர்கள் பறவையியலின் குறிப்புப் பத்தி. ஓர் இனத்துக்கு ஒரு பெயர் என்ற ஒழுங்கு அறிவியலுக்கு வேண்டும், அதில் தவறில்லை. அந்த ஒழுங்கில் ஊரும் காதும் உதிர்ந்துவிடுகின்றன என்பதுதான் கவலை.

அதைத் தெரிந்து உழைத்தவர்களும் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டான், 1862 முதல் 1864 வரை வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' தொகுதிகளில், கிடைத்தவரை ஒவ்வொரு பறவைக்கும் இந்தி, தெலுங்கு, தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தார். மா. கிருஷ்ணன் ஆங்கிலத்தில் எழுதிய அதே கூர்மையோடு தமிழிலும் பறவைகளைப் பற்றி எழுதினார். க. ரத்னம் தமிழில் பறவைப் பெயர்களைத் திரட்டி நூலாக்கினார். அந்த வரிசையில் நமக்கும் செய்ய ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் செம்போத்து என்று எழுதப்படும் பறவை ஈழத்தில் செண்பகம். கேரளத்தில் உப்பன் என்றும் சொல்வார்கள். புதருக்குள்ளிருந்து ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப முழக்கும் அதுவும் குயில் குடும்பம்தான், ஆனால் தானே கூடுகட்டிக் குஞ்சை வளர்க்கும். தமிழீழத்தின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டதால் செண்பகம் என்ற பெயர் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிகிறது. அப்படி யாரும் அறிவிக்காத நூறு பெயர்கள் யாருக்குத் தெரியும்? கோட்-டெ-நேஜின் அடுக்குமாடிகளில், பார்க் எக்ஸ்டென்ஷனின் மாடி வீடுகளில், பனிக்காலம் முழுக்க சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும்.

பட்டியலில் ஏறியும் காதை இழக்காத பெயருக்கு இந்த மாகாணமே எடுத்துக்காட்டு தருகிறது. பக்கி இனத்துப் பறவை ஒன்று இங்கே கோடை இரவுகளில் ஓயாமல் மூன்று அசையில் கத்தும். ஆங்கிலேயர் காதில் அது 'விப்-புவர்-வில்'. பாவப்பட்ட வில் என்பவனைச் சாட்டையால் அடி என்கிறதாம். பிரெஞ்சுக் குடியானவர் காதில் 'புவா-பூரி', அதாவது உளுத்த மரம். காட்டை வெட்டி நிலம் திருத்தி வாழ்ந்தவர்களுக்கு மரம்தானே கேட்கும். பறவைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர்களை வரையறுத்தபோது அந்தக் குடியானவர் பெயரைத் தூக்கி எறியவில்லை. முறையான பெயருக்குள்ளேயே 'புவா-பூரி' இன்றும் இருக்கிறது. இதற்கு 1812இல் லத்தீன் பெயர் வைத்த அலெக்சாண்டர் வில்சனும் அதை 'உரக்கக் கத்துவது' என்றே அழைத்தார். ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, காடு காடாக நடந்து பறவைகளைக் கேட்டவர் அவர். கோபன்ஹேகனில் இருந்தவருக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டது. என் மகனுக்கோ அந்தப் பறவை பூரி கேட்கிறது. கிழங்கு வேண்டாமா என்று நான் கேட்டேன். வேடிக்கைதான். ஆனால் பெயர்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

மொன்றியலுக்கும் குயில் உண்டு. தென்னமெரிக்காவில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு வேனிலின் கடைசியில் வந்து சேரும் மெலிந்த பழுப்புப் பறவை. கறுத்த அலகு, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். மயிர்ப்புழுக்களை விரும்பித் தின்னும். பிரெஞ்சில் அதன் இனத்துக்குக் கூலிகூ என்று பெயர். அமெரிக்க நாட்டுப்புறத்தில் மழைக்காகம். புழுக்கமான நாளில் மழைக்கு முன்னால் கூவும் என்று நம்பியதால் வந்த பெயர் அது. மராட்டியத்து மழைக்காரனும் அமெரிக்க மழைக்காகமும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டதே இல்லை. குரல் ஏறாது, தாழ்ந்த ஒரே சுரத்தில் 'கு-கு-கு' என்று பெரும்பாலும் மூன்று மூன்றாக வரும். இரவிலும் வரும். எங்கள் வீடுகளில் அதற்குத் தமிழ்ப் பெயர் இல்லை.

போன கோடையில் நான் ஓர் அட்டவணை தொடங்கினேன். பத்திகள் நான்கு. பெயர், ஊர், சொன்னவர், பறவை என்ன சொல்கிறது. நிரப்பக் கடினம் நான்காவதுதான். பெயரை மறந்தவர்கள்கூடக் குரலை மறப்பதில்லை. வவுனியாப் பக்கத்துப் பாட்டி ஒருவர் எவ்வளவு யோசித்தும் பெயர் வரவில்லை. "பேர் வருதில்ல தம்பி, ஆனா இப்பிடித்தான் கத்தும்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து, கையை வாயோரம் குவித்துக் கூவிக் காட்டினார். அந்தச் சின்ன அறை ஒரு கணம் நிறைந்தது. நான் கைபேசியில் பதிந்துகொண்டேன். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த பேத்தி, எட்டு வயதிருக்கும், தலையைத் தூக்கி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அது என்ன சொல்லுது அம்மம்மா?"